தொழிலாளிக்கே முதல் பங்கு என்பது எவ்வளவு உண்மை?

கேள்வி: நான் வேலை செய்த தளவாடப் பொருள் தொழிற்சாலை ஜனவரி இறுதியில் மூடப்பட்டது. கடைசி மூன்று மாதச் சம்பளமும் அதற்குரிய ஊழியர் சேமநிதிச் சந்தாவும் செலுத்தப்படவில்லை. நிறுவனத்தைக் கலைக்கும்படி உயர் நீதிமன்றம் செப்டம்பரில் ஆணையிட்டுள்ளது. தொழிற்சாலை நிலம் வங்கியில் அடமானத்தில் இருக்கிறது. தொழிலாளிக்கே முதலில் கொடுப்பார்கள் என்கிறார்கள். உண்மையா? (வாசகி, பிறை)

பதில்: பாதிதான் உண்மை. அடமானத்தில் உள்ள நிலத்தை விற்று வரும் பணத்தில் வங்கி தனக்குரியதை எடுத்துக்கொண்ட பிறகே, மிச்சமும் நிறுவனத்தின் மற்றச் சொத்துகளும் பிறருக்குப் பங்கிடப்படும். அந்தப் பங்கீட்டின் வரிசையை மலேசியாவின் 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 527-ஆவது பிரிவு வகுக்கிறது. கலைப்புச் செலவும், சொத்துகளை விற்றுப் பங்கிடும் கலைப்பாளரின் ஊதியமும் முதலில். அடுத்து ஊழியருக்கு 15,000 வெள்ளி (ரிங்கிட்) வரையிலான சம்பளப் பாக்கி. பிறகு விபத்து இழப்பீடு, விடுமுறைச் சம்பளம், சேமநிதிச் சந்தா. அதற்குப் பின் அரசாங்க வரி. பழைய 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சம்பள வரம்பு 1,500 வெள்ளியாக இருந்ததை நினைத்தால், இது பெரிய முன்னேற்றம்தான்.

ஆனால் உங்களைப் பாதிப்பது தொகை அல்ல, தேதி. கலைப்பு தொடங்குவதற்கு முந்தைய நான்கு மாதங்களில் செய்த வேலைக்கான சம்பளத்துக்கு மட்டுமே இந்த முன்னுரிமை உண்டு. நீதிமன்றத்தின் வழியாக நடக்கும் கலைப்பு, மனு கொடுத்த நாளில் அல்லாமல் ஆணை பிறந்த நாளிலேயே தொடங்குவதாக இன்றையச் சட்டம் கொள்கிறது. செப்டம்பரிலிருந்து பின்னோக்கி நான்கு மாதம் எண்ணினால் மே மாதத்தோடு நின்றுவிடும். உங்கள் பாக்கியோ நவம்பர் முதல் ஜனவரி வரைக்குமானது. ஆகவே இந்தப் பிரிவின் கீழ் அது சாதாரணக் கடனாகிவிடுகிறது. ஆலை மூடிய பிறகு ஆணைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் தொழிலாளிக்கு இது நியாயமாக இல்லை என்பதே என் கருத்து.

சேமநிதிச் சந்தாவுக்கான கால வரம்பு பன்னிரண்டு மாதம் என்பதால் உங்கள் சந்தா தப்பித்தது. அது மட்டுமல்ல, கட்டப்படாத சந்தாவுக்கு இயக்குநர்களையும் நேரடிப் பொறுப்பாளிகளாக்கச் சேமநிதிச் சட்டம் இடமளிப்பதால், சேமநிதி வாரியத்தில் புகார் செய்துவிடுங்கள்.

சம்பளத்துக்கும் வேறொரு வழி இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 31-ஆவது பிரிவின்படி, நீங்கள் வேலை செய்த அந்த இடமே வங்கியின் விண்ணப்பத்தால் நீதிமன்ற ஆணையின் வழி விற்கப்பட்டால், தொடர்ந்த நான்கு மாதங்களுக்கு மேற்படாத சம்பளத்தை விற்பனைப் பணத்திலிருந்து வங்கிக்கு முன்பாகவே கோரலாம். உங்கள் மூன்று மாதப் பாக்கி இதற்குள் அடங்குகிறது. ஏலத்துக்கு முன்பே தொழிலாளர் இலாகாவை நாடுங்கள். கலைப்பாளரிடம், உங்களுக்கு வரவேண்டிய தொகையைக் காட்டும் கடன் சான்றுப் படிவத்தையும் சம்பளச் சீட்டுகளோடு தவறாமல் கொடுங்கள். கோராதவருக்குப் பங்கு தானாக வந்து சேராது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ, வேலை இழந்தவர்களுக்காக நடத்தும் வேலை காப்புறுதித் திட்டம் இந்த வரிசைக்கு வெளியே உள்ளது. ஆனால் வேலை இழந்த 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டிய ஒன்று.

கேள்வி: மூடப்பட்ட ஒரு தொழிற்சாலைக்குக் கடனில் பலகை கொடுத்தேன். 40,000 வெள்ளி வரவேண்டும். எனக்கு என்ன கிடைக்கும்? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: நீங்கள் பிணை எதுவும் பெறாமல் கடன் கொடுத்தவர். மேலே சொன்ன அனைவருக்கும் கொடுத்த பிறகு எஞ்சுவதை, உங்களைப் போன்றவர்கள் அவரவர் கடனின் விகிதப்படி பகிர்ந்துகொள்வீர்கள். மொத்தப் பிணையில்லாக் கடன் இருபது லட்சமும் எஞ்சியது ஒரு லட்சமும் என்றால், வெள்ளிக்கு ஐந்து சென் வீதம் உங்களுக்கு 2,000 வெள்ளி வரும். பங்குதாரர்கள் உங்களுக்கும் பின்னால்தான், பெரும்பாலும் வெறுங்கையோடு.

கலைப்பாளருக்குக் கடன் சான்றுப் படிவத்தை அனுப்பும் முன், நீங்கள் கொடுத்த விற்பனைச் சீட்டின் நிபந்தனைகளைப் படியுங்கள். பணம் முழுதாகச் செலுத்தப்படும் வரை சரக்கு விற்றவருக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் இருந்து, பலகை இன்னும் அறுபடாமல் கிடங்கில் அடையாளம் தெரியும்படி கிடந்தால், அதைத் திருப்பிக் கேட்கலாம். முதலாளி தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், கலைப்பு முடியும் வரை காத்திராமல் அவர் மீதே வழக்குத் தொடரலாம்.