ஜெல்லி பூசியும் 82ஆம் இடம்

கேள்வி: 90களில் பிரிட்டனைக் கலக்கிய 'டேக் தட்' மாதிரியான பாய் பேண்டுகள், அழகான ஐந்து பையன்களை நிறுத்திவைத்துப் பள்ளிக்கூடப் பெண்களிடம் காசு பார்த்த வியாபாரம்தானே? இதில் இசை எங்கே வந்தது? - வாசகர், கோவை

பதில்: வியாபாரம்தான். யார் இல்லை என்றது? அமெரிக்காவில் 'நியூ கிட்ஸ் ஆன் தி பிளாக்' என்ற பாய் பேண்டு போட்ட போட்டைப் பார்த்துவிட்டு, மான்செஸ்டரில் நைஜல் மார்ட்டின்-ஸ்மித் என்ற மேனேஜர் 1990இல் ஆள் பிடித்துச் சேர்த்த கூட்டம் அது. ஒருவர் வங்கியில் வேலை பார்த்தவர், ஒருவர் வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்தவர், இன்னொருவர் வீடுகளுக்கு. ஐவரில் ஒருவரான ராபி வில்லியம்ஸுக்கு வயது 16.

ஆனால் முகத்தைக் காட்டினால் போதும் என்கிறீர்களே, அந்தக் கணக்குத்தான் உதைக்கிறது. 1991இல் வந்த அவர்களுடைய முதல் பாட்டு 'டூ வாட் யூ லைக்'. அதன் வீடியோவில் ஐந்து பேரும் துணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, உடம்பெல்லாம் ஜெல்லியைப் பூசிக்கொண்டு தரையில் கிடக்கிறார்கள். (கழுவி முடிக்கவே அரை நாள் ஆகியிருக்கும், பாவம்.) முகம் என்ன, முதுகுக்குக் கீழேயும் காட்டியாயிற்று. பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் பாட்டுக்குக் கிடைத்த இடம் 82! அடுத்த இரண்டு பாட்டும் முதல் முப்பதைத் தொடவில்லை. 1992இல் முதல் பத்துக்குள் நுழைந்ததும், டவாரெஸ் குழு 70களில் பாடிய பழைய பாட்டைத் தூசி தட்டித்தான்.

சரி, அப்புறம் எது தூக்கிவிட்டது? பள்ளிக்கூடம், கிளப் என்று ஊர் ஊராக அலைந்து ஆடியது ஒன்று. இன்னொன்று கேரி பார்லோ. போஸ்டரில் ஐந்தாவதாகத்தான் கண்ணில் படுவார். ஆனால் பதின்ம வயதிலேயே தொழிலாளர் கிளப்புகளில் கீபோர்டு வாசித்துச் சம்பாதித்தவர், சொந்தமாக மெட்டுப் போடுபவர். அவர் எழுதிய 'ப்ரே' 1993 ஜூலையில் முதலிடம் பிடித்தது. 1996க்குள் குழுவுக்கு அப்படி முதலிடம் பிடித்த பாட்டு எட்டு. அதில் 'பேக் ஃபார் குட்' மட்டும் கேட்டுப் பாருங்கள். செய்த தப்பு எது என்றே தெரியாமல் மன்னிப்பு கேட்கிறவனின் பாட்டு. கல்யாணமான ஆண்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

குழு கலைந்தபோது ரசிகைகளுக்காகத் தொலைபேசி உதவி எண்களே திறக்க வேண்டியிருந்தது. அதற்கும் சிரித்தார்கள். தன் ஃபுட்பால் அணி தோற்றதற்கு அழுகிற அப்பாவைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

2006இல் நால்வர் மட்டும் திரும்பி வந்தார்கள், ராபி இல்லாமல். பையன்கள் எல்லோரும் முப்பதைத் தாண்டிவிட்டார்கள். 'பேஷன்ஸ்' என்ற புதுப்பாட்டு மறுபடியும் முதலிடம். இந்தத் தடவை ஜெல்லி கிடையாது.