இடைக்கால ஐரோப்பாவில் ஒரு கிறித்தவ மன்னர், வேற்று மதத்தாரோடு சேர்ந்து கிறித்தவ நாட்டைத் தாக்கியது உண்டா?

உண்டு. அதுவும் போப்பின் கட்சியில் இருந்துகொண்டே! 1326 பிப்ரவரியில் போலந்து மன்னர் விளாதிஸ்லாவ், லித்துவேனியர்களோடு சேர்ந்து பிராண்டன்பர்க்கில் புகுந்ததைச் சொல்கிறேன். பெர்லினைச் சுற்றியுள்ள பகுதி அது.

பிராண்டன்பர்க்கை ஆண்டுவந்த பழைய வம்சம் வாரிசில்லாமல் போனது. ஜெர்மானிய மன்னர் லூயிஸ் 1323இல் அதைத் தன் சிறுவயது மகனுக்கே கொடுத்துவிட்டார். லூயிஸுக்கும் போப் 22ஆம் ஜானுக்கும் ஏற்கெனவே ஆகாது; மறு ஆண்டே போப் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். லூயிஸ் குடும்பத்தை யார் அடித்தாலும் போப்புக்குச் சந்தோஷம்தான்.

லித்துவேனிய அரசர் கெடிமினாஸ் இன்னும் தம் பழைய தெய்வங்களைத்தான் கும்பிட்டுவந்தார். அவருடைய தீராத தலைவலி, கிறித்தவத்தின் பேரில் லித்துவேனியாமேல் படையெடுத்துவந்த டியூட்டானிக் சபை என்ற ஜெர்மானிய வீரத் துறவியர். ஞானஸ்நானம் பெறுவேன் என்பதுபோல் கடிதங்கள் எழுதி, போப்பின் தூதர்கள் மூலம் 1324இல் அவர்களோடு போர்நிறுத்தம் வாங்கிவிட்டார். கடைசிவரை மதம் மாறவே இல்லை. பலே ஆள்! 1325இல் அவர் மகள் அல்டோனா ஞானஸ்நானம் பெற்று, அன்னா என்ற பெயரில் போலந்து இளவரசன் காசிமிரை மணந்தாள். சீதனம்? லித்துவேனியர் பிடித்துவைத்திருந்த போலந்துக் கைதிகளின் விடுதலை என்கிறார்கள்.

சம்பந்தம் முடிந்த சில மாதங்களில் படை கிளம்பிவிட்டது. கெடிமினாஸின் தளபதி குரோத்னோ தாவீதின் தலைமையில் வந்த லித்துவேனியக் குதிரைவீரர் 1,200 பேர். ஏறத்தாழ ஒரு மாதம், ஓடர் நதிக்கரையிலுள்ள பிராங்க்பர்ட் வரை கொள்ளை. ஊர்களோடு தேவாலயங்களும் மடங்களும் எரிந்தன. பிடிபட்டவர்கள் 6,000 பேர் என்று எழுதிவைத்த டூஸ்பர்க் பீட்டர், டியூட்டானிக் சபையின் பாதிரியார். எதிர்க்கட்சிக்காரர் சொல்லும் கணக்கு என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். ஆனால் அட்டூழியம் நடந்தது நிஜம். திரும்பும் வழியில் தாவீதைக் கொன்றதே ஆந்திரேய் கோஸ்ட் என்ற போலந்து வீரன்தான். கூட வந்தவர்கள் செய்த கொடுமை பொறுக்காமல் செய்தான் என்று ஒரு பேச்சு உண்டு.

என்னைக் கேட்டால், இதில் நஷ்டப்பட்டது போலந்துதான். ஒரு சாண் நிலம்கூடப் புதிதாகக் கிடைக்கவில்லை. போப்பின் ஆட்கள் கோயில்களைக் கொளுத்தினார்கள் என்று ஜெர்மனியில் பேச லூயிஸ் தரப்புக்கு வசதியாயிற்று. 1327இலிருந்து டியூட்டானிக் சபையோடு வேறு பெரிய சண்டை. பிராண்டன்பர்க்கோ 1373 வரை லூயிஸின் பிள்ளைகள் கையிலேயே இருந்தது.