பங்குச்சந்தைகளின் சங்கம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பங்குச்சந்தை பற்றிய உங்கள் கட்டுரையில், உலகப் பங்குச்சந்தைகளின் கூட்டமைப்பு என்று ஒன்றைக் குறிப்பிட்டிருந்தீர்கள். சந்தையில் முறைகேடு நடந்தால் முதலீட்டாளர் அங்கே முறையிடலாமா? முடியாது என்றால் அப்படி ஒரு அமைப்பு எதற்கு?

க.

அன்புள்ள க.,

முறையிட முடியாது. பெயரில் 'உலக' என்று இருப்பதால் ஐநா சபையின் கிளை மாதிரி தெரிகிறது. உண்மையில் அது சந்தை நடத்துகிறவர்களின் சங்கம். சந்தைகளைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு ஆணையங்களுக்கு மாட்ரிட்டில் ஐயாஸ்கோ என்று தனி அமைப்பு உண்டு; பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அதுவும் தனிநபர் புகாரை விசாரிக்காது.

சரி, பிறகு எதற்கு? 1961இல் கூட்டமைப்பு தொடங்கியபோது பல சந்தைகள் தரகர்கள் தங்களுக்குள் நடத்திக்கொண்ட மன்றங்கள்தான். கூடிப் பேச ஓர் இடம் போதுமாயிருந்தது. 1993இல் ஸ்டாக்ஹோம் சந்தை கம்பெனியாக மாறியது. 1998இல் ஆஸ்திரேலியச் சந்தை தன் பங்கைத் தன்னிடமே பட்டியலிட்டது. அப்புறம் வரிசையாக மற்றவையும் மாறின. சந்தையே லாபம் பார்க்கும் தொழிலானதும் சங்கத்தின் குரலும் மாறாமல் இருக்குமா?

2025 ஆகஸ்டில் ஒன்று நடந்தது. பங்கின் விலையோடு ஏறி இறங்கும் டிஜிட்டல் வில்லைகளை, அதாவது டோக்கன்களை, விற்பவர்களைக் கட்டுப்படுத்தச் சொல்லி, அமெரிக்க, ஐரோப்பிய ஆணையங்களுக்கும் ஐயாஸ்கோவுக்கும் கூட்டமைப்பு கடிதம் எழுதியது. அந்த டோக்கனை வாங்குகிறவர் பங்குதாரர் ஆவதில்லை, பங்குக்குரிய பாதுகாப்பும் கிடையாது என்பது அதன் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் அந்த வியாபாரம் வளர்ந்தால் முதலில் அடி விழுவது பங்குச்சந்தைகளுக்கே என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் இந்தச் சங்கத்தின் உருப்படியான வேலை கணக்கெடுப்பு. ஒரு நாட்டுச் சந்தையின் மொத்த மதிப்பு என்று உலக வங்கி தரும் எண் இவர்களிடமிருந்து வருவதுதான். ஒரு கம்பெனி வேறு பட்டியலிட்ட கம்பெனிகளின் பங்குகளை வைத்திருப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்டிருந்தால், அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் ஒரே சொத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். முதலீட்டு நிதிகளையும் இதேபோல் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு சந்தையும் தன் இஷ்டத்துக்கு எண்ணினால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடவே முடியாது. அலுப்பூட்டும் வேலை, ஆனால் யாராவது செய்தாக வேண்டும்.

புகார் இருந்தால் முதலில் தரகரிடம் எழுத்தில் கொடுங்கள். அடுத்து சந்தையின் குறைதீர்ப்புப் பிரிவு, அதன்பின் ஆணையம். பெரும்பாலான நாடுகளில் இதுதான் வரிசை. தரகர் அனுப்பும் பதிலை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். அடுத்த படியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.