துயரத்தின் கால அளவு – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

என் கணவர் காலமாகி 14 மாதங்கள் ஆகின்றன. வேலைக்குப் போகிறேன், உடன் பணிபுரிபவர்களோடு பேசிச் சிரிக்கவும் செய்கிறேன். ஆனால் இரவில் அவருடைய மூக்குக்கண்ணாடியை உறையிலிருந்து எடுத்துத் துடைத்து, மீண்டும் உள்ளே வைக்காமல் என்னால் உறங்க முடிவதில்லை. பகலில் சிரித்தது அப்போது நினைவுக்கு வந்து உறுத்துகிறது. துயரத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என ஐந்து படிநிலைகள் உண்டு என்று படித்தேன். எனக்குக் கோபம் வந்ததே இல்லை, ஏற்பும் வரவில்லை. ஓராண்டு கடந்தும் இப்படி இருப்பது மனநோய், மருத்துவரைப் பார் என்கிறார் அண்ணன். நான் போக வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நான் மருத்துவன் அல்ல. இழப்பைப் பற்றிய ஆய்வுகளைப் பல ஆண்டுகளாக வாசித்துவருபவன் என்ற அளவில்தான் இதை எழுதுகிறேன்.

ஐந்து படிநிலைகளை முதலில் மனத்திலிருந்து இறக்கி வையுங்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் அவற்றை எழுதியது, தாங்களே மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு உரையாடியதன் அடிப்படையில். அன்புக்குரியவரை இழந்தவர்களுக்கு அது பிற்பாடுதான் பொருத்தப்பட்டது. அந்த வரிசைப்படி எல்லோரும் துயரத்தைக் கடப்பதில்லை. உங்களுக்குக் கோபம் வராததில் எந்தக் குறையும் இல்லை.

உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் மார்கரெட் ஸ்ட்ரோப். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் வாழ்நாளின் பெரும்பகுதியை இழப்பு பற்றிய ஆய்வுக்கே தந்தவர். அவரும் சக ஆய்வாளர் ஹென்க் ஷுட்டும் 1999-ல் முன்வைத்த கருத்தின்படி, இழந்தவர் மனம் இரு பக்கங்களுக்கு இடையே ஊசலாடுகிறது. ஒரு பக்கம் இழப்பு: ஏக்கம், அழுகை, பழைய நினைவுகள், பொருள்களைத் தொட்டுப் பார்த்தல். மறுபக்கம், அந்த மரணத்தால் மாறிப்போன வாழ்க்கை: இதுவரை அவர் கவனித்துவந்த கணக்குவழக்குகளைக் கற்றுக்கொள்வது, தனியாக முடிவெடுப்பது, 'இன்னாரின் மனைவி' என்றிருந்த ஒருத்தி தன்னை வேறு விதமாக அறிந்துகொள்வது. இரண்டுமே கடினமானவை, இரண்டிலிருந்தும் அவ்வப்போது விலகி ஓய்வெடுக்கவும் மனத்துக்கு உரிமை உண்டு. துயரத்தை நேருக்கு நேர் எதிர்கொண்டு அழுது தீர்த்தால்தான் அது கரையும் என்பது நெடுங்காலமாக இருந்துவந்த நம்பிக்கை. துயரத்தைச் சற்று மறந்திருப்பதும் தாங்கிக்கொள்வதன் பகுதிதான் என்று அவர்கள் எடுத்துக்காட்டியதை நான் மிகவும் மதிக்கிறேன். பகலில் நீங்கள் சிரிப்பதும் இரவில் அந்தக் கண்ணாடியைத் துடைப்பதும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை, எஸ். அந்தச் சிரிப்பு அவருக்குச் செய்யும் துரோகம் அல்ல.

இறந்தவரை மனத்திலிருந்து விட்டுவிடுவதே துயரத்தின் முடிவு என்ற எண்ணத்துக்கு, உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃப்ராய்டின் 1917-ல் வெளிவந்த கட்டுரையை மூலமாகச் சொல்வார்கள். அதே கட்டுரையில்தான், துயரத்தை நோயாகக் கருதி மருத்துவரிடம் அனுப்ப நமக்குத் தோன்றுவதில்லை என்றும் அவர் எழுதினார். 1920-ல் அவருடைய மகள் சோஃபி இறந்தாள். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, உயிரோடிருந்தால் அவளுக்கு 36 வயது ஆகியிருக்கும் நாளில், மகனை இழந்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடத்தை எதைக் கொண்டும் நிரப்ப முடியாது, அப்படி இருப்பதே சரி, நாம் கைவிட விரும்பாத அன்பைத் தொடர அதுவே வழி என்ற பொருளில் சொல்கிறார். கோட்பாட்டை எழுதியவரைவிட இந்தத் தந்தையையே நான் அதிகம் நம்புகிறேன்.

ஆனால் உங்கள் அண்ணன் சொல்வதில் அடிப்படையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 'நீடித்த துயரக் கோளாறு' என்பது இன்று ஏற்கப்பட்ட ஒரு நோயறிதல். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு அதற்குக் குறைந்தது ஆறு மாதம் என்கிறது. 2022-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. இரு அமைப்புகளும் இருவேறு எல்லைகளை வைத்திருப்பதே, நாள்காட்டியை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது என்பதைக் காட்டுகிறது. ஏக்கம் ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் ஆளை முழுவதுமாக ஆட்கொள்கிறதா, மரணத்தை இன்னும் நம்ப முடியவில்லையா, தன்னில் ஒரு பகுதியே செத்துவிட்டதாகத் தோன்றுகிறதா, வேலையும் உறவுகளும் முடங்கிவிட்டனவா என்பவற்றையே மருத்துவர்கள் முக்கியமாகப் பார்க்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு உதவி உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் கேத்தரின் ஷியர் உருவாக்கிய 16 அமர்வுகள் கொண்ட பேச்சுவழிச் சிகிச்சை, சோதனைகளில் நல்ல பலன் தந்திருக்கிறது. மனச்சோர்வுக்கான மாத்திரையை அதனுடன் சேர்த்துக் கொடுத்தபோது துயரம் மேலும் குறையவில்லை என்பதையும் அவர் குழுவே கண்டது.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அத்தகைய முடக்கம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு கடிதத்தில் எல்லாம் வந்துவிடாது. இனி வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணமோ, அவர் இருக்கும் இடத்துக்கே போய்விட வேண்டும் என்ற எண்ணமோ தலைகாட்டினால், மாதங்களை எண்ணிக்கொண்டிருக்காமல் அன்றே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அண்ணனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், கண்ணாடியைத் துடைப்பதற்காக நீங்கள் எங்கும் போக வேண்டியதில்லை. அதை நிறுத்த வேண்டியதும் இல்லை.