வீதிக்கும் பாலத்துக்கும் ஒதுக்கும் பணத்தைப் பாராளுமன்றம் எப்படி மேற்பார்வை செய்கிறது?

அரசாங்கம் செலவிடும் பணத்துக்கும் செய்யும் வேலைக்கும் மக்கள் பிரதிநிதிகள் கணக்குக் கேட்பதே பாராளுமன்ற மேற்பார்வை. இலங்கை அரசியலமைப்பின் 148-ஆம் உறுப்புரை அரச நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்திடம் கொடுத்திருக்கிறது. காரணம் எளியது: பணம் மக்களின் வரி, பாலம் கட்டுபவரே தன் வேலைக்கு நற்சான்று எழுதிக்கொள்ள முடியாது.

வீடு கட்டுபவர்கள் மேசனிடம் பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வந்துவிடுவதில்லை. அத்திவாரக் குழிக்குள் கோலை விட்டு ஆழம் பார்த்து, சீமெந்துப் பைகளை எண்ணிய பிறகுதான் அடுத்த தவணை. பாராளுமன்றத்துக்காக அந்தக் கோலைப் பிடிப்பவர், அரச கணக்குகளைப் பரிசோதிக்கும் கணக்காய்வாளர் நாயகம். அவருடைய அறிக்கையை வைத்துக்கொண்டு பாராளுமன்ற உறுப்பினர்களைக் கொண்ட இரண்டு குழுக்கள் கேள்வி கேட்கின்றன: கோபா எனப்படும் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு திணைக்களங்களையும், கோப் எனப்படும் அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு அரச கூட்டுத்தாபனங்களையும் அதிகார சபைகளையும் அழைக்கின்றன.

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இது வெறும் ஏட்டு விஷயம் அல்ல. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத நிலையில் மக்கள் ஏறிச்சென்ற, ‘பாதை’ என்று நாம் சொல்லும் இழுவைப் படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் இறந்தார்கள். பாலம் ஏன் தாமதமாகிறது, அதுவரை மக்கள் எதில் கடக்கிறார்கள், அதைப் பரிசோதித்தவர் யார் என்று விபத்துக்கு முன்பே கேட்பதுதான் மேற்பார்வை. அந்த இரண்டாவது கேள்வியைத்தான் நாம் அடிக்கடி தவறவிடுகிறோம்.

பலர் நினைப்பதுபோல் கோப் குழு நீதிமன்றம் அல்ல; அது பரிந்துரைக்கலாம், தண்டனை விதிக்க முடியாது.