குறைமாதக் குழந்தை வார்டுக்குள் இருக்கும்போது பெற்றோர் என்ன செய்யலாம்?

32 வாரத்தில் பிறந்த பிள்ளை உள்ளே இருக்கிறது, நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. என் மகனும் 32 வாரம்தான், 1,420 கிராம். பாலக்கோடு தக்காளி மண்டியில் எடை எழுதுகிற ஆள் நான். அந்த எடையில் ஒரு பிள்ளை மூச்சு விடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வார்டு வாசலில் ஒரு பெரியம்மா, "ஏழு மாசம் பிழைக்கும், எட்டு மாசம் தங்காது" என்றார். காதிலேயே வாங்காதீர்கள். வயிற்றில் கூடுதலாக இருந்த ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம்தான்.

முதல் நாள் அவன் கண் திறக்கட்டும் என்று கண்ணாடிப் பெட்டியை விரலால் தட்டிவிட்டேன். சிஸ்டர் விட்டாரே ஒரு டோஸ்! "உள்ள இருக்கறவனுக்கு அது இடி சத்தம்ப்பா." அவன் வளர்வதே தூக்கத்தில்தானாம். அதனால்தான் பெட்டிமேல் துணி போர்த்தி வெளிச்சத்தைக் குறைக்கிறார்கள், சுற்றிலும் துணியைச் சுருட்டி வைத்து கைகால் மடங்கியபடி அணைவாகப் படுக்க வைக்கிறார்கள்.

உறிஞ்சி, விழுங்கி, நடுவில் மூச்சும் விடுகிற பக்குவம் பெரும்பாலும் 34 வாரத்தில்தான் வரும். அதுவரை வயிற்றுக்குள் போகிற டியூப் வழியாகப் பால், அப்புறம் பாலாடை என்கிற மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில். முதலில் என் மனைவிக்கு வந்தது சில சொட்டு சீம்பால்தான். அதையும் சிரிஞ்சில் எடுத்துக் கொடுத்தோம். பால் வரவில்லை என்று விட்டுவிடாமல், இரவிலும் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்சச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கங்காரு முறை, அதாவது பிள்ளையை நம் வெறும் நெஞ்சோடு தோலில் தோல் படக் கட்டி வைத்திருப்பது. 1970களின் கடைசியில் கொலம்பியாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் தொடங்கியது. இன்று உலக சுகாதார நிறுவனமே, முடிந்தால் பிறந்த உடனேயே தொடங்கி, நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் செய்யச் சொல்கிறது. அவர்களாகக் கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல் எப்போது தொடங்கலாம் என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். அம்மாதான் வேண்டும் என்றில்லை. என் மனைவிக்கு சிசேரியன் வலி, அதனால் மதியம் என் முறை. குளித்து, நகம் வெட்டி, மோதிரம் கழற்றி, சட்டையைத் திறந்து உட்கார்ந்தேன். குல்லாவும் சாக்ஸும் டயப்பரும் மட்டும் போட்டு, தவளை மாதிரி கால் மடக்கி, மூக்கு மூடாமல் தலையை ஒருபக்கம் திருப்பி நெஞ்சில் வைத்துத் துணியால் கட்டினார்கள். என் மாமியார் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்து, "ஆம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு மாப்ளே" என்றார். நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 170ல் ஓடிக்கொண்டிருந்த இதயத் துடிப்பு மெல்ல 150க்கு வந்தது. வைத்தால் ஒரு மணி நேரமாவது வைத்திருங்கள். அடிக்கடி எடுத்து மாற்றினால் பிள்ளைக்குத்தான் அலைச்சல்.

முதல் வாரம் எடை குறையும், பயப்படாதீர்கள். எங்களுக்குப் பிறந்த எடை திரும்பவே 12 நாள் ஆனது.

இன்னொன்று, கண் பரிசோதனை. 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால், பிறந்த நாலு வாரத்துக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். இன்னும் முன்னால் பிறந்த பிள்ளைகளுக்கு அதற்கும் முன்பே. இதற்குள் டிஸ்சார்ஜ் ஆகியிருப்பீர்கள், பஸ் ஏறி வர அலுப்பாக இருக்கும். வந்துவிடுங்கள், தாமதித்தால் பார்வையே போகலாம்.

வீட்டில் சாம்பிராணிப் புகை வேண்டாம். மார்கழிக் குளிரில் நாங்கள் பார்த்தது பாதத்தைத்தான். வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் உடனே நெஞ்சோடு கட்டிவிடுவோம். இப்போதெல்லாம் கட்டுகிற வேலை மாமியாருடையது.