நாலு நாள் நிறுத்தினால் பேட்டரி டவுன்: கரண்ட் எங்கே போகிறது?

கேள்வி: என்னுடையது 2009 மாடல் ஆல்டோ. தினமும் ஓட்டினால் தொல்லை இல்லை. நாலு நாள் நிறுத்திவிட்டு வந்தால் செல்ஃப் எடுப்பதில்லை, 'டக் டக்' என்ற சத்தம்தான். ஒன்றரை வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று. டைனமோவை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தினமும் ஸ்டார்ட் ஆகிறதென்றால் டைனமோ சார்ஜ் ஏற்றுகிறது என்றுதான் அர்த்தம். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: 13.8 முதல் 14.4 வோல்ட் இருந்தால் போதும். ஓடும் இன்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தையை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். வோல்டேஜ் எகிறி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம் போய்விடும்.

வண்டி நிற்கும்போது எதுவோ கரண்டைக் குடிக்கிறது. உங்கள் பேட்டரி 35 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது ஆம்பியரை மணியால் பெருக்கிய கொள்ளளவு). 300 மில்லி ஆம்பியர் கசிந்தாலே ஒரு நாளைக்கு 7.2 ஏஎச் போகும். நாலு நாளில் கிட்டத்தட்ட 29. இப்படி அடிமட்டம் வரை காலியாகிக் காலியாகித் தகடுகளில் சல்பேட் படியும். புதுப் பேட்டரியும் அதனால்தான் சீக்கிரம் சாகிறது.

கசிவை அளக்க, பேட்டரியை முழு சார்ஜ் ஏற்றி (12.6 வோல்ட்), சாவியை எடுத்துவிடுங்கள். ஃபியூஸ் பெட்டி உள்ளே இருப்பதால் கதவு திறந்துதான் இருக்கும். கதவுச் சட்டத்திலுள்ள லைட் ஸ்விட்சை அழுத்தி டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ரூம் லைட்டைத்தான் அளப்பீர்கள். நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, அதன் முனையைக் கழற்றிய வயரிலும், கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் பிடியுங்கள். இந்த நிலையில் சாவி போடக் கூடாது. போட்டால் மீட்டர் ஃபியூஸ் காலி. இருபது நிமிடம் பொறுத்து அளவைப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் என்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு சடாரென்று விழுகிறதோ, அந்த லைனில்தான் கோளாறு.

பழைய வண்டிகளில் முதல் சந்தேகம் வெளியில் மாட்டிய ஸ்டீரியோ மீதுதான். அதன் சிவப்பு வயர் சாவி லைனுக்குப் போக வேண்டும். எப்போதும் கரண்ட் வரும் மஞ்சள் வயரோடு சேர்த்து முறுக்கியிருந்தால் செட் தூங்கவே தூங்காது. அடுத்தது சென்ட்ரல் லாக், ஸ்டீரியோவின் ஆம்ப்ளிஃபயர்.

எந்த ஃபியூஸுக்கும் அளவு அசையவில்லையா? நெகட்டிவ் இணைப்பை விலக்கி, டைனமோவின் தடித்த வயரைக் கழற்றி டேப் சுற்றிவிட்டு மறுபடி அளவெடுங்கள். அளவு விழுந்தால், டைனமோவுக்குள் கரண்டை ஒரே திசையில் விடும் டையோடு லீக். மெக்கானிக் சொன்னது அப்போது பாதி சரி. ஆனால் முழு டைனமோ வேண்டாம், ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் டையோடு பிளேட்டை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

சரிசெய்ததும் பேட்டரியை வெளிச் சார்ஜரில் 3.5 ஆம்பியரில் பத்து மணி நேரத்துக்கு மேல் போடுங்கள். கடைத்தெருவுக்குப் போய்வருவதில் செத்த பேட்டரி நிரம்பாது.